அடைவு கடைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பது? (போன் காட்டிக்கொடுத்த கதை)

கடல்காத்து | வெள்ளி, இரவு 10.20

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள்.

போன மாதம் மகளின் டியூஷன் காசும் மோட்டார் சைக்கிள் இன்சூரன்சும் ஒரே கிழமையில் வந்து நின்றன. கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கொண்டுபோய் அடைவு வைத்தேன். கல்யாணத்துக்கு மாமனார் போட்ட சங்கிலி. வீட்டில் "கொழுக்கி அறுந்துபோச்சு, பத்தரிட்ட குடுத்திருக்கிறன்" என்று சொல்லிவைத்தேன். இரண்டு கிழமை ஒரு பிரச்சினையும் இல்லை.

நேற்று வட்டி கட்டிவிட்டு வந்தேன். இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி தன் அக்காவோடு கதைக்க என் போனை எடுத்தாள், அவளுடையதில் காசில்லை. திரையில் வெளிச்சம் வந்ததும் ஒரு அறிவித்தல். அந்த அடைவு கடையின் பெயரைப் போட்டு, "உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?" என்று கேட்டு, கீழே ஐந்து வெற்று நட்சத்திரம்.

அவள் சத்தம் போடவில்லை. போனை என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்து, "எத்தனை குடுக்கப் போறீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். புட்டு தொண்டையில் நின்றது.

அவள் படுத்த பிறகு வரைபடச் செயலியைத் திறந்து பார்த்தேன். நான் போய்வந்த இடமெல்லாம் நாள்வாரியாகக் கிடக்கிறது. பத்திரகாளி அம்மன் கோவில் 22 நிமிடம். மருந்துக் கடை 6 நிமிடம். உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு இடத்தில் ஒன்றேகால் மணித்தியாலம் (அது வேறு கதை, அவள் இன்னும் பார்க்கவில்லை). கண்டிக்குப் போகும்போது வழி பார்க்க ஒருமுறை "அனுமதி" என்பதை அமத்தியது நினைவிருக்கிறது. அது எத்தனை வருடத்துக்கு முந்தி!

எனக்கு விளங்காதது ஒன்று. அந்தக் கட்டடத்தில் கீழே பலசரக்குக் கடை, மேல்மாடியில்தான் அடைவு கடை. நான் படியேறினேன் என்று போனுக்கு எப்படித் தெரியும்?

உவர்மலைத் தம்பி | வெள்ளி, இரவு 10.41

அண்ணை, முதலில் அனுதாபம்.

ஜிபிஎஸ் மட்டும் என்றால் கீழ்க்கடையா மேல்மாடியா என்று தடுமாறியிருக்கும். ஆனால் போன் இடம் பார்ப்பது அதை வைத்து மட்டுமில்லை. பக்கத்துச் சிக்னல் கோபுரங்கள், சுற்றியிருக்கிற வைஃபை பெட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும். அந்த வைஃபையில் நீங்கள் இணைய வேண்டியதே இல்லை. ஒவ்வொரு பெட்டியும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று தன் அடையாள எண்ணைக் கத்திக்கொண்டே இருக்கும், போன் அதைக் கேட்டுக்கொண்டே போகும். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்ற பட்டியல் கூகுள் நிறுவனத்திடம் இருக்கிறது. வைஃபையை அணைத்து வைத்தாலும் இடத்துக்காகத் தேடுவதற்கென்று தனி அமைப்பு ஒன்று உண்டு, இருப்பிட அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும்.

ஒரு கேள்வி. போக முன்னர் அந்தக் கடையைப் போனில் தேடினீர்களா?

கடல்காத்து | வெள்ளி, இரவு 10.44

தேடினேன். ஒரு பவுனுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள், வட்டி எவ்வளவு என்று.

உவர்மலைத் தம்பி | வெள்ளி, இரவு 10.45

அப்ப நீங்களே சொல்லிவிட்டீர்கள் அண்ணை.

ஸ்டாண்ட் ஓட்டோ | வெள்ளி, இரவு 10.52

எல்லாரும் தொழில்நுட்பம் கதைக்கிறீர்கள். அந்த ஒன்றேகால் மணித்தியாலத்தை ஒருவரும் கேட்கவில்லையே.

மூன்றாம் குறுக்கு | சனி, காலை 7.15

இதில் போனுடைய பிழை என்ன? பொய் சொன்னது நீங்கள். ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்? நான் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். காலை எட்டு மணிக்குத் திறக்கிறேன், இரவு எட்டுக்குப் பூட்டுகிறேன், வீட்டுக்குப் போகிறேன். என் பின்னால் யாராவது வந்தால் அவர்களுக்குத்தான் அலுப்படிக்கும். ஓசியில் வழி காட்டுகிறார்கள், ஓசியில் போட்டோ வைக்க இடம் தருகிறார்கள். பதிலுக்கு நான் எங்கே தேத்தண்ணீர் குடித்தேன் என்று தெரிந்துகொள்கிறார்கள். தெரியட்டும்.

உவர்மலைத் தம்பி | சனி, காலை 9.30

தெரிந்தே கொடுத்தால் பரவாயில்லை அண்ணை. "வேண்டாம்" என்று சொன்ன பிறகும் எடுத்தால்?

2018 ஓகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஒரு ஆய்வு வெளியிட்டது. கூகுளில் இருப்பிட வரலாற்றை நிறுத்தி வைத்தவர்களுடைய இடங்களும் பதிவாகிக்கொண்டுதான் இருந்தன. காரணம், "வெப் அண்ட் ஆப் அக்டிவிட்டி" என்று இன்னொரு சுவிட்ச் வேறு இடத்தில் திறந்திருந்தது. ஒரு கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு, பின்கதவு இருப்பதைச் சொல்லாமல் விட்ட மாதிரி. அமெரிக்காவின் 40 மாநிலங்கள் சேர்ந்து விசாரித்து, 2022 நவம்பரில் 391.5 மில்லியன் டொலர் கட்ட கூகுள் ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகுதான், 2023 கடைசியில், இந்த டைம்லைன் விபரத்தை (நீங்கள் பார்த்த அந்த நாள்வாரிப் பட்டியல்தான்) தங்கள் கணினிகளில் வைக்காமல் அவரவர் போனுக்குள்ளேயே வைக்கப்போவதாக அறிவித்தார்கள்.

அதாவது அண்ணை, உங்கள் டைம்லைன் பெரும்பாலும் உங்கள் போனுக்குள்தான் இருக்கிறது. அது மனைவியின் கைக்குப் போனதற்கு அமெரிக்கா பொறுப்பில்லை.

பழைய மாஸ்டர் | சனி, காலை 11.05

"ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்" என்ற வசனத்தை நான் முன்னரும் கேட்டிருக்கிறேன். அப்போது அதைச் சொன்னவர்கள் கையில் துவக்கு இருந்தது.

தம்பிமாருக்குத் தெரியாது. இந்தத் திருகோணமலையில் யுத்த காலம் முழுக்க நாங்கள் பதியப்பட்டவர்கள். வீட்டில் யார் யார் என்று பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். கொழும்பில் இருந்து மருமகன் வந்து இரண்டு நாள் தங்கினால் அதையும் போய்ச் சொல்ல வேண்டும். சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடந்து, மறுபடி ஏற வேண்டும். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், எப்போது வருவாய்? மூதூர்ப் பக்கம் பாடசாலைக்குப் போய்வந்த காலத்தில் இதே மூன்று கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்கு நரைத்தது.

ஆனால் ஒன்று. எழுதியவனுடைய முகம் எனக்குத் தெரியும். கொப்பி எந்த மேசையில் கிடந்தது என்று தெரியும். இன்றைக்குப் பெயர் எழுதப்படுகிறது என்பதும் எழுதும்போதே தெரியும். வீட்டுக்கு வந்து மனிசியிடம், இன்றைக்கு இரண்டு இடத்தில் எழுதினார்கள் என்று சொல்லலாம். இந்தத் தம்பியின் படியேற்றத்தை எழுதியது யார், எந்த மேசையில்? அவரே சாப்பாட்டு மேசையில்தான் அறிந்திருக்கிறார்.

போனை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நிற்கவும் எனக்கு விருப்பமில்லை. இன்னொரு சங்கதி. சில மாதத்துக்கு முந்தி டச்சு வளைகுடாக் கடற்கரையில் பேரனுக்குக் கச்சான் வாங்கினேன். கச்சான் முடிந்ததும் சுருளைப் பிரித்துப் பார்த்தால், யாரோ ஒரு பிள்ளையின் கடன் விண்ணப்பத்தின் போட்டோ கொப்பி. பெயர், விலாசம், சம்பளம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் இருந்தது. பழைய இலக்கம், கடைசியில் வி எழுத்து போட்டது. அதை வாசிக்கத் தெரிந்தவனுக்கு அது வெறும் இலக்கமில்லை. முதல் இரண்டும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 523 என்றிருந்தால் பெண், சனவரி 23ஆம் திகதி பிறந்தவர். கச்சான் தோலோடு அந்தப் பிள்ளையின் வயதும் சம்பளமும் என் மடியில் கிடந்தன. கிழித்துக் கடலில் போடவும் மனம் வரவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன்.

மூன்றாம் குறுக்கு | சனி, பகல் 1.40

மாஸ்டர், நீங்கள் என்னைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பழுதான கொப்பிகள், சரிந்து விழுந்தது, கறுப்பாக வந்தது எல்லாம் ஒரு பெட்டியில் சேரும். மாதம் ஒருக்கால் கிலோக் கணக்கில் கொடுப்போம். வாங்குகிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். நான் மட்டுமில்லை, எல்லாக் கடையும் அப்படித்தான். ஒரு நாளும் யோசித்ததில்லை.

முத்துச்சிப்பி | சனி, பகல் 2.10

மூன்றாம் குறுக்கு நானா, கோபிக்காமல் ஒன்று கேட்கவா? பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் உங்கள் கடை வாட்ஸ்அப்புக்குத்தானே அனுப்புவார்கள்? அனுப்பியதெல்லாம் அந்தப் போனில் இன்னும் இருக்கிறதா?

மூன்றாம் குறுக்கு | சனி, பின்னேரம் 4.25

கடையில் ஆள் குறைந்த நேரம் இருந்து பார்த்தேன். நாலு வருடத்துச் சாமான் கிடக்கிறது. அடையாள அட்டை, பாஸ்போர்ட், பிறப்புச் சாட்சிப் பத்திரம், சம்பளச் சீட்டு, வைத்திய அறிக்கை. ஒரு விவாகரத்து வழக்கின் தாள்கள் முழுதாக. தெரிந்த குடும்பம்! வாசிக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது, முதல் தாளோடு நிறுத்திவிட்டேன். இதெல்லாம் தானாகவே என் போட்டோ கணக்கிலும் ஏறியிருக்கிறது. என் மகளின் பிறந்தநாள் படத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒருவருடைய சிறுநீரக ஸ்கேன்.

காலையில் எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும்.

ஸ்டாண்ட் ஓட்டோ | சனி, பின்னேரம் 4.40

இப்ப என்ன செய்யப் போறீங்கள் அண்ணை, உங்களையும் 40 மாநிலம் விசாரிக்குமோ?

முத்துச்சிப்பி | சனி, பின்னேரம் 5.15

பகிடி விடட்டும். கடைக்காரர் செய்யக்கூடியது சின்ன வேலைதான். கடை வாட்ஸ்அப்பில் மறையும் செய்தி என்ற அமைப்பை 24 மணித்தியாலத்துக்குப் போட்டு வையுங்கள். வருகிற கோப்புகள் தானாகக் கேலரிக்குள் சேமிக்கப்படுவதை நிறுத்துங்கள். பழுதான கொப்பியைக் கிலோவுக்குக் கொடுக்க முன்னர் கையால் நாலாகக் கிழியுங்கள்.

நான் கிண்ணியா. எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளுக்கு இது கூகுள் பிரச்சினையாக வருவதில்லை, பக்கத்தில் இருக்கிற ஆள் பிரச்சினையாகத்தான் வருகிறது. போன் திருத்தக் கொடுக்கும்போது பூட்டு எண்ணைத் துண்டில் எழுதி ஒட்டிக் கொடுக்கிறோம். திரை மாற்றுவதற்கு அந்த எண் எதற்கு? கேட்க வெட்கம். என் சொந்தக்காரப் பிள்ளை ஒருத்தியின் வாட்ஸ்அப்பை யாரோ வேறொரு கணினியில் இணைத்து வைத்து, மூன்று மாதம் அவள் கதைத்ததெல்லாம் வாசித்திருக்கிறார்கள். போனைக் கையில் எடுத்து அரை நிமிடம் போதும். வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்று ஒரு இடம் இருக்கிறது. இதை வாசிக்கிற பெண்கள் இப்போதே ஒருக்கால் திறந்து பாருங்கள். தெரியாத கணினி இருந்தால் தட்டி வெளியேற்றுங்கள்.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும், ஆண்கள் முகம் சுளித்தால் சுளியுங்கள். மாதவிடாய் நாள் குறிக்கிற செயலிகள். ஃப்ளோ என்ற செயலியை உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பெண்கள் பாவிக்கிறார்கள். அந்த விபரங்கள் பேஸ்புக் உட்பட வெளி நிறுவனங்களுக்குப் போயின என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டி, 2021இல் அந்த நிறுவனம் இணக்கத்துக்கு வந்தது. உம்மாவிடம் கூடச் சொல்லாத நாள் கணக்கு. நான் இப்போது கலண்டரில் பென்சிலால் புள்ளி வைக்கிறேன்.

சல்லித் தோணி | சனி, இரவு 8.00

எல்லாம் சரி, போன் காது கொடுத்துக் கேட்கிறது என்பதை ஏன் ஒருவரும் சொல்கிறீர்கள் இல்லை? போன வருடம் ஹஜ் பெருநாளுக்குக் கிட்ட ஒரு கிண்ணியா நண்பனோடு இருந்து ஆடு விலை பற்றிக் கதைத்தேன். கதைத்தது மட்டும்தான், போனில் தேடவே இல்லை. அடுத்த நாள் பேஸ்புக் முழுக்க ஆட்டு விளம்பரம். நான் சைவம்! சாப்பாட்டிலும் சைவம்!

முத்துச்சிப்பி | சனி, இரவு 8.20

நானா, பெருநாளுக்கு முந்தின பத்து நாளும் கிண்ணியா முழுக்க ஆடுதான் தேடும். நீங்கள் அந்த நண்பர் வீட்டு வைஃபையில் இருந்தீர்களா?

சல்லித் தோணி | சனி, இரவு 8.22

இருந்தேன்.

உவர்மலைத் தம்பி | சனி, இரவு 8.50

கதை முடிந்தது. அந்த வீட்டில் யாரோ தேடியிருப்பார்கள். ஒரே இணைப்பு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு போன், பேஸ்புக்கிலும் நண்பர்கள். அந்த வீட்டு ஆளுக்கு ஆடு தேவை என்றால் உங்களுக்கும் தேவைப்படலாம் என்று கணக்குப் போட்டிருக்கும். அதோடு ஊர், நாள் எல்லாம் பொருந்துகிறது. உங்கள் குரலைக் கேட்கவேண்டிய அவசியமே இல்லை.

இதை அமெரிக்காவில் நோர்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சோதித்தும் பார்த்தார்கள். 2018இல் 17,000க்கு மேற்பட்ட அண்ட்ரொய்ட் செயலிகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். களவாக மைக்கைத் திறந்து ஒலியை அனுப்பியதற்கு ஒரு சான்றும் அகப்படவில்லை. ஆனால் தேடாத வேறொன்று அகப்பட்டது. சில செயலிகள் பாவிப்பவர் திரையில் செய்வதை அவருக்குத் தெரியாமல் படம்பிடித்து வெளியே அனுப்பியிருந்தன.

குரல் உதவியாளர் வேறு விஷயம். ஆப்பிள் போனில் இருக்கிற சிரி என்ற உதவியாளர் தவறுதலாக விழித்துக்கொண்டு பதிவுசெய்த உரையாடல்களை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டார்கள் என்று 2019இல் செய்தி வந்தது. அது சம்பந்தமான வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே ஆப்பிள் 95 மில்லியன் டொலர் கொடுக்கச் சம்மதித்தது. ஆகவே காது இல்லை என்று நான் சொல்லவில்லை. உங்கள் ஆட்டுக்குக் காது தேவைப்படவில்லை.

சல்லித் தோணி | சனி, இரவு 8.58

என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. எதற்கும் மைக் அனுமதியை நிறுத்திவிட்டேன்.

ஸ்காபரோ பொடியன் | ஞாயிறு, காலை 6.30

கனடாவில் இருந்து. நான் அலஸ்தோட்டம், பதினேழு வருடமாக இங்கே.

நீங்கள் போனோடு நிற்கிறீர்கள், இங்கே ரிவியே பார்க்கிறது. விசியோ என்ற ரிவி நிறுவனத்தின் மேல் 2017இல் அமெரிக்காவில் நடவடிக்கை எடுத்தார்கள். 11 மில்லியன் ரிவிகள், வீட்டுக்காரர் என்ன பார்க்கிறார் என்பதைச் செக்கனுக்குச் செக்கன் பதிந்து அனுப்பியிருக்கின்றன. கேபிளா, டிவிடியா என்ற வித்தியாசமில்லை. திரையில் தெரிகிற புள்ளிகளில் சிலதை எடுத்து ஒரு பெரிய களஞ்சியத்தோடு ஒப்பிட்டு, இன்ன நிகழ்ச்சி என்று கண்டுபிடிக்கிற முறை. 2.2 மில்லியன் டொலர் கட்டினார்கள். ஒரு ரிவிக்கு 20 சதம் விழுகிறது! இப்போது ஊரிலும் ஸ்மார்ட் ரிவிதானே வாங்குகிறீர்கள். முதல்நாள் அது கேட்கிற எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று அமத்துகிறவர் யார்? வீட்டில் ரிமோட் வைத்திருக்கிற சின்னது.

ஊர்க்காரருக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று சொல்கிறேன். நாங்கள் கடற்படைத் தளத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள், படம் எடுக்கக்கூடாது என்ற பலகை எங்கே எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். ஓடுகிறவர்கள் பாவிக்கிற ஸ்ட்ராவா என்ற செயலி, எல்லாருடைய ஓட்டப் பாதைகளையும் சேர்த்து 2017 நவம்பரில் ஒரு உலக வரைபடம் வெளியிட்டது. 2018 சனவரியில் அவுஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரியா, ஆப்கானிஸ்தான் பாலைவன இருட்டுக்குள் சின்னச் சின்ன வெளிச்ச வளையங்கள். படையினர் காலையில் முகாமைச் சுற்றி ஓடிய தடம்! ஒருவரும் இரகசியம் விற்கவில்லை. உடம்பு குறைக்க ஓடினார்கள், அவ்வளவுதான்.

பழைய மாஸ்டர் | ஞாயிறு, காலை 8.10

கோட்டைக்குள் திரிகிற மான்களுக்கும் ஒரு போன் கட்டிவிட்டால் கோணேசர் கோவில் பாதையும் அப்படி வெளிச்சமாகத் தெரியும்.

ஸ்டாண்ட் ஓட்டோ | ஞாயிறு, காலை 9.00

நான் ஒன்று சொல்கிறேன், படிச்ச ஆட்கள் கோபிக்கக்கூடாது.

2022இல் பெற்றோலுக்கு நின்றது நினைவிருக்கா? பெற்றோல் செட்டில் மூன்று நாள், ஓட்டோவுக்குள்ளேயே நித்திரை, மனிசி சாப்பாடு கொண்டுவருவாள். பிறகு ஓகஸ்டில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் வந்தது. அடையாள அட்டை இலக்கம், செசி இலக்கம், போன் இலக்கம் எல்லாம் கேட்டார்கள். கேட்டதெல்லாம் கொடுத்தேன். இரத்த வகை கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீட்டர். எந்த நாள், எந்தச் செட், எத்தனை லீட்டர் என்று ஒரு இடத்தில் பதிந்திருக்கும், ஓம். ஆனால் அந்தக் கியூஆர்தான் எனக்கு வரிசையை முடித்தது. தாங்கி வெறுமையாக இருக்கிறவனிடம் தனியுரிமை பற்றிக் கேட்டால் என்ன சொல்வான்?

கேட்கக்கூடாது என்று சொல்லவில்லை. வேலை முடிந்த பிறகு அந்த விபரம் எங்கே போனது, அதைச் சொல்லலாம்தானே.

உவர்மலைத் தம்பி | ஞாயிறு, காலை 9.45

அண்ணை, இந்த இழையிலேயே சரியான கேள்வி அதுதான். எடுக்கும்போது சொன்ன காரியத்துக்கு மட்டும் பாவிக்க வேண்டும், தேவைக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பதுதான் இலங்கையின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்க, பிழையைத் திருத்த, அழிக்கச் சொல்ல உரிமை கொடுக்கிறது. ஒரேயடியாக இல்லாமல் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஒரு கவுண்டரில் போய் "அழியுங்கள்" என்று சொல்லிப் பார்த்தால்தான் அந்தக் கட்டம் எங்கே நிற்கிறது என்று விளங்கும்.

கடல்காத்து அண்ணைக்கு: டைம்லைனை நிறுத்துங்கள், அந்த "வெப் அண்ட் ஆப் அக்டிவிட்டி" சுவிட்சையும் நிறுத்துங்கள், பழையதை அழியுங்கள். ஒவ்வொரு செயலிக்கும் இருப்பிடம் "பாவிக்கும்போது மட்டும்" என்று மாற்றுங்கள். டோர்ச் லைட் செயலிக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியத் தேவையில்லை. அண்ட்ரொய்ட் என்றால் விளம்பர அடையாள எண்ணை அழிக்க ஒரு இடம் இருக்கிறது, அதையும் அழியுங்கள். இதெல்லாம் செய்தாலும் சிம் போட்ட போன் கையில் இருக்கிறவரை கோபுரத்துக்கு உங்கள் இடம் தெரியும். கோபுரத்துக்குத் தெரியாவிட்டால் அழைப்பு வராது.

மூன்றாம் குறுக்கு | ஞாயிறு, இரவு 7.30

கடை வாட்ஸ்அப்பை வழித்துத் துடைத்துவிட்டேன். ஒன்றேமுக்கால் மணித்தியாலம் ஆனது. போட்டோ கணக்கில் ஏறியதை அழிக்க இன்னும் இரண்டு ஞாயிறு வேண்டும். கச்சான்காரர் வந்து பெட்டியைக் கேட்டார். கிழித்துத்தான் தருவேன் என்றேன். கிழித்த தாளில் சுருள் எப்படிச் சுற்றுவது என்று என்னைப் பார்த்தார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, பழைய பேப்பர் ஒரு கட்டு சும்மா கொடுத்துவிட்டேன்.

கடல்காத்து | திங்கள், இரவு 9.10

எல்லாருக்கும் நன்றி. சம்பளம் வந்தது, இன்றைக்கு மத்தியானம் சங்கிலியை மீட்டேன். தம்பி சொன்ன எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன், ஆனாலும் மனம் கேட்கவில்லை. போனை வீட்டு மேசையிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்ற முதலே கேள்வி. "போனையும் வைச்சிட்டு எங்க போனீங்கள்?"

கழுத்தைக் காட்டினேன். அவள் கொழுக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பத்தர் நல்லாத்தான் செய்திருக்கிறார்" என்றாள்.

ஸ்டாண்ட் ஓட்டோ | திங்கள், இரவு 9.16

அண்ணை, மத்தியானம் நீலச் சேட்டோடு அந்தப் படியால் இறங்கி வந்தது நீங்கள்தானா?